கடற்பாசி: மருந்து எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு?



"கடல்ல விளையுற பாசிங்க. இயற்கை மருந்து. இனிப்பு நீர், பிரஷர், மூட்டுவலி, புற்றுநோய் எல்லாத்துக்கும் கேக்கும். பக்க விளைவே கிடையாது!"

இப்படிச் சொல்லி விற்கிற பாட்டில்கள் இன்று தோட்டத்து வீடுகளுக்கும் வந்துவிட்டன. தோட்டத்தை விட்டு ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் பக்கத்துத் தாமான்களில் குடியேறியவர்கள் வீட்டுக்கும் வந்துவிட்டன. பசார் மாலாமில் விற்கிறார்கள். தெரிந்தவர், சொந்தக்காரர் மூலமாக வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறார்கள். கைத்தொலைபேசியிலும் விளம்பரம் வந்து விழுகிறது.

பணம் போனால் மறுபடியும் சம்பாதித்துக்கொள்ளலாம். ஆனால், அந்தப் பாட்டிலை நம்பி, அரசாங்க கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை அலமாரியில் போட்டுவிட்டால் என்ன ஆகும்? காலும் கண்ணும் போனபிறகு எந்தக் கடையில் போய் வாங்குவது?

ஆகவே இந்த இதழில் கடற்பாசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். எல்லாம் பொய் என்று தள்ளிவிடவும் வேண்டாம், எல்லாம் மெய் என்று நம்பிவிடவும் வேண்டாம். கடற்பாசியில் மருந்து இருக்கிறது. அது எதற்கு, எவ்வளவு, யாருக்கு என்று தெரிந்துகொண்டால் நம்மை யாரும் ஏமாற்ற முடியாது.

நம் வீட்டுப் பாசி

கடற்பாசி என்றவுடன் ஏதோ தூரதேசத்துப் பொருள் என்று நினைக்க வேண்டாம். தீபாவளிக்கும் பிறந்த நாளுக்கும் நம் வீட்டில் காய்ச்சி, தேங்காய்ப்பால் ஊற்றி, தட்டில் ஆறவைத்து, துண்டு துண்டாக வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோமே, அந்த அகார் அகார் கடற்பாசியிலிருந்து எடுத்ததுதான். தமிழ்நாட்டில் அதையே கடல்பாசி என்றும் சைனா கிராஸ் என்றும் சொல்வார்கள்.

கடலுக்கு அடியில் பாறையையும் பவளத்தையும் பற்றிக்கொண்டு வளரும் தாவரம் போன்ற உயிர்தான் கடற்பாசி. இதற்கு உண்மையான வேர் கிடையாது, பூ கிடையாது, காய் கிடையாது. தண்ணீரிலுள்ள சத்தை உடம்பு முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும். பச்சை, சிவப்பு, பழுப்பு என்று மூன்று பெரும் பிரிவுகள் உண்டு. அகார் அகார் சிவப்புப் பாசியிலிருந்து வருகிறது. நமது சபா மாநிலத்தில், செம்போர்ணா பக்கத்துக் கடலில், கயிற்றில் கட்டி வளர்ப்பதும் சிவப்பு இனத்தைச் சேர்ந்த பாசிதான். அதிலிருந்து கராஜீனன் என்ற பசையை எடுத்துப் பற்பசை, ஐஸ்கிரீம் போன்றவற்றில் சேர்க்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். லங்காவி பக்கம் எண்ணெயாகவும் தைலமாகவும் விற்கிற 'கமாட்' கடற்பாசி அல்ல. அது கடல் அட்டை என்ற பிராணி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சமையலறையிலிருந்து சோதனைச்சாலைக்கு

அகார் அகார் என்பது மலாய்ச் சொல். இந்தச் சொல் இன்று உலகத்திலுள்ள ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரிச் சோதனைச்சாலையிலும் புழங்குகிறது. எப்படி வந்தது தெரியுமா? ஒரு குடும்பப் பெண்ணின் சமையல் அறிவால் வந்தது.

1881-ஆம் ஆண்டு. ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்ற புகழ்பெற்ற மருத்துவரின் சோதனைச்சாலையில் வால்ட்டர் ஹெஸ்ஸே என்பவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நோய்க்கிருமிகளைத் தனித்தனியாக வளர்த்துப் பார்த்தால்தான் எந்தக் கிருமி எந்த நோயைக் கொடுக்கிறது என்று சொல்ல முடியும். அதற்காக, மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கிற ஜெலட்டின் பசையில் கிருமியை வளர்த்தார்கள். வெயில் காலம் வந்தால் பசை இளகித் தண்ணீராய் ஓடிவிடும். சில கிருமிகள் பசையையே தின்று கரைத்துவிடும். வேலை அத்தனையும் வீண்.

ஹெஸ்ஸேயின் மனைவி ஃபான்னி, கணவருக்குச் சோதனைச்சாலையில் துணையாக இருந்தவர். "வீட்டில் நான் செய்யும் ஜெல்லி இந்தச் சூட்டிலும் இளகுவதில்லையே, அதைப் பயன்படுத்திப் பாருங்கள்" என்ற யோசனையைக் கொடுத்தவர் அவரே. அமெரிக்காவில் வளர்ந்த அவருக்கு அகார் அகாரைச் சொல்லிக்கொடுத்தது, ஜாவாவில் வாழ்ந்துவிட்டு அங்கே வந்து குடியேறிய ஒரு டச்சுக் குடும்பம். அகார் கொதிக்கும் நீர் அளவு சூட்டில்தான் கரையும். ஆறினால் இறுகும். இறுகியபின் நம் உடம்புச் சூடான 37 டிகிரியில் இளகாது. பெரும்பாலான கிருமிகளால் அதைத் தின்று கரைக்கவும் முடியாது. 1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக உலகத்துக்கு அறிவித்த கட்டுரையிலேயே கோக் அகார் அகாரைக் குறிப்பிட்டிருக்கிறார். யோசனை சொன்ன பெண்மணியின் பெயரை மட்டும் குறிப்பிடவில்லை.

இன்று ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் உங்கள் கால் புண்ணிலிருந்து சீழ் எடுத்து அனுப்பினால், அதை அகார் ஊற்றிய தட்டில்தான் தடவி வளர்க்கிறார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்த்துத்தான் டாக்டர் மருந்து எழுதுகிறார். நம் சமையலறைப் பாசி இப்படிக் கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றத் துணை நின்றிருக்கிறது.

கழுத்துக் கழலையும் உப்பும்

கடற்பாசியின் மருத்துவ குணத்தில் சந்தேகத்துக்கே இடமில்லாதது ஒன்று உண்டென்றால், அது அயோடின் சத்து. நமது கழுத்தின் முன்பக்கத்தில் தைராய்டு என்ற சுரப்பி இருக்கிறது. அது வேலை செய்ய அயோடின் வேண்டும். அயோடின் பற்றாக்குறை வந்தால் சுரப்பி வீங்கிக் கழுத்தில் கழலையாகத் தொங்கும். கர்ப்பிணிக்குப் பற்றாக்குறை கடுமையாக இருந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும்.

கழலைக்குக் கடற்பாசி கொடுக்கும் வழக்கம் சீன வைத்தியத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து வந்திருக்கிறது. ஏன் குணமாகிறது என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. 1811-இல் பிரான்ஸ் நாட்டில் வெடியுப்புத் தயாரித்து வந்த பெர்னார்ட் கூர்த்துவா என்பவர் கடற்பாசிச் சாம்பலில் அமிலம் ஊற்றியபோது ஊதா நிறப் புகை எழுந்தது. அப்படித்தான் அயோடின் கண்டுபிடிக்கப்பட்டது. 1820-இல் ஜெனீவா நகரத்து மருத்துவர் குவாந்தே கழலை நோயாளிகளுக்கு அயோடின் கொடுத்துக் குணம் கண்டார்.

நம் நாட்டிலும் கழலை இருந்தது. கடலை விட்டுத் தள்ளி, உள்காடுகளிலும் மலைப்பகுதிகளிலும் வாழ்ந்த ஒராங் அஸ்லி மக்களிடமும் சரவாக் உட்பகுதி மக்களிடமும் அதிகமாகக் காணப்பட்டது. அதற்குத் தீர்வாக அரசாங்கம் உப்பில் அயோடின் சேர்க்கச் சட்டம் கொண்டு வந்தது. சபாவிலும் சரவாக்கிலும் முதலில் வந்த இந்த ஏற்பாடு, 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் கடைசியிலிருந்து தீபகற்ப மலேசியாவுக்கும் வந்தது. ஆகவே, கடையில் உப்பு வாங்கும்போது பொட்டலத்தில் 'கராம் பெரியொடின்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜாடியை மூடி வையுங்கள். குழம்பு இறக்கும் நேரத்தில் உப்புப் போடுங்கள், அயோடின் வீணாகாது. பிரஷர்காரர்கள் இதைச் சாக்காக வைத்து உப்பைக் கூட்டிவிடக் கூடாது!

அப்படியானால் பாசி மாத்திரை தின்றால் இன்னும் நல்லதுதானே என்று சிலர் கேட்கலாம். இங்கேதான் ஆபத்து இருக்கிறது. வயது வந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். கர்ப்பிணிக்கு 250 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆனால் கெல்ப், கொம்பு என்று சொல்கிற பழுப்புப் பாசியைக் காயவைத்தால், அதன் ஒரே கிராமில் ஆயிரம், இரண்டாயிரம் மைக்ரோகிராம் அயோடினுக்கு மேலும் இருக்கக்கூடும். அதாவது, ஒரு சிட்டிகைத் தூளிலே பல நாள் தேவை அடங்கிவிடுகிறது.

அயோடின் குறைந்தாலும் தைராய்டு கெடும், மிஞ்சினாலும் தைராய்டு கெடும். சிலருக்கு நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், உடல் மெலிவு வரும். வேறு சிலருக்கு உடம்பு ஊதும், சோர்வு வரும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

புண்ணுக்கும் நெஞ்செரிச்சலுக்கும்

பழுப்புப் பாசியிலிருந்து ஆல்ஜினேட் என்ற பொருளை எடுக்கிறார்கள். 1881-இல் ஸ்காட்லாந்துப் பாசிகளை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்டு என்ற ரசாயன நிபுணர் இதைக் கண்டெடுத்தார். இன்றைய ஆஸ்பத்திரிகளில் இதற்குப் பல வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, நீர் வடியும் புண்ணுக்குக் கட்டும் பஞ்சுத்துணி. ஆல்ஜினேட் நூலால் ஆன இந்தத் துணியைப் புண்மேல் வைத்தால், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் புண்ணீரிலுள்ள உப்புச் சத்தும் இடம் மாறி, துணி கூழாக மாறும். வடிகிற நீரை உறிஞ்சிக்கொள்ளும், புண்ணில் ஒட்டாது, கட்டு மாற்றும்போது வலியும் குறையும். இனிப்பு நீர்க்காரர்களின் கால் புண்ணுக்கும் இதைப் பயன்படுத்துவது உண்டு. ஆனால் காய்ந்த புண்ணுக்கு ஆகாது. எந்தப் புண்ணுக்கு எந்தக் கட்டு என்பதை நர்சும் டாக்டரும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். "பாசி புண்ணை ஆத்துமாம்" என்று கடைப் பாசியை அரைத்துப் புண்ணில் பூசுவது மகா தவறு.

இரண்டாவது, நெஞ்செரிச்சல் மருந்து. கேவிஸ்கான் போன்ற மருந்துகளில் ஆல்ஜினேட் இருக்கிறது. அது வயிற்றுக்குள் போய், சோற்றுக்கு மேலே நுரைப் படலமாக மிதந்து, புளிப்பு மேலே ஏறாமல் தடுக்கிறது. இந்த மருந்திலும் சோடியம் உப்பு இருப்பதால், பிரஷரும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. மார்பு நடுவில் அழுத்துகிற மாதிரி வலி, வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி வந்தால், "வாயுதான், மருந்து குடிச்சா ஏப்பம் வந்து சரியாயிடும்" என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 999 அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூன்றாவது, பல் டாக்டர் பல்செட்டுக்கு அளவு எடுக்க வாயில் வைக்கிற மாவு. அதுவும் பெரும்பாலும் ஆல்ஜினேட்தான். சிவப்புப் பாசியின் கராஜீனனையும் சளி பிடித்தவர்களுக்கு மூக்கில் தெளிக்கிற மருந்தாகச் சோதித்திருக்கிறார்கள். சளி நீடிக்கிற நாட்கள் கொஞ்சம் குறைகின்றன என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பூச்சி மருந்தின் பாடம்

பழைய தலைமுறைக்கு நினைவிருக்கும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பூச்சி மருந்து கொடுத்த காலம் அது. வெறுங்காலோடு ஓடியாடிய லயத்துப் பிள்ளைகளின் வயிற்றில் புழு இல்லாத பிள்ளை அபூர்வம்.

அதே காலத்தில் ஜப்பானிலும் பிள்ளைகளுக்குப் புழுத் தொல்லை. அங்கே நூற்றாண்டுகளாக ஒரு சிவப்புக் கடற்பாசியைக் காய்ச்சிக் கொடுத்து வந்தார்கள். அதில் என்ன இருக்கிறது என்று விஞ்ஞானிகள் தேடினார்கள். 1953-இல் அதிலிருந்து கைனிக் அமிலம் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது உருண்டைப் புழுவின் நரம்பைத் தாக்கி வெளியேற்றியது. அளவு கணக்கிட்டு மருந்தாகக் கொடுத்தார்கள். பாட்டி வைத்தியம் மெய்யென்று நிரூபணமானது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே கைனிக் அமிலம் மூளை நரம்புகளையும் தாக்கக்கூடியது என்று பின்னால் தெரிந்தது. இன்று ஆராய்ச்சிக்கூடங்களில் எலிக்கு வலிப்பு உண்டாக்கி, வலிப்பு நோயை ஆராய அதைப் பயன்படுத்துகிறார்கள். புழுவுக்கோ அதைவிட நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன. ஒரே வேளை கொடுக்கும் அல்பென்டசோல் அவற்றில் ஒன்று.

இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன? ஒரு பொருளுக்கு நோயைத் தீர்க்கிற சக்தி இருந்தால், கெடுதல் செய்கிற சக்தியும் இருக்கும். "இயற்கைதானே, என்ன செய்யும்?" என்று கேட்பவர்களிடம், "புகையிலையும் இயற்கைதான், அரளி விதையும் இயற்கைதான்" என்று சொல்லுங்கள்.

மன்னார் வளைகுடாப் பெண்கள்

இந்தப் பாசிக்குப் பின்னால் உழைப்பவர்களைப் பற்றியும் தொழிலாளர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானிலிருந்து அகார் வருவது நின்றுபோனதால், பல நாடுகள் தங்கள் கடலிலேயே பாசியைத் தேடத் தொடங்கின. இந்தியாவில் அதற்கு ஏற்ற இடமாக அமைந்தது ராமநாதபுரம் சீமையின் கடற்கரை.

ராமேஸ்வரம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் பல தலைமுறையாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். பவளப் பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி உள்ளே போய்ப் பறித்து வருகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் தமிழ்ப் பெயர் உண்டு. 1986-இல் அந்தப் பகுதியின் தீவுகளைச் சுற்றித் தேசியக் கடல் பூங்கா அமைத்தபிறகு, பாசி எடுக்கும் இடத்துக்குப் போகவே தடை வந்தது. அந்தப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து வனத்துறையோடு பேசினார்கள். இரும்புக் கருவி பயன்படுத்துவதில்லை, மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய லட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் பெண்மணிக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. ஒற்றுமையால் என்ன சாதிக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

1947-இல் தொடங்கப்பட்ட இந்திய அரசாங்கத்தின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் அதே கரையில்தான், மண்டபத்தில், இருந்தது. பின்னர் தலைமையகம் கொச்சிக்கு மாறியது. மூட்டுவலி, இனிப்பு நீர், கொழுப்பு ஆகியவற்றுக்குத் துணையாகக் கடற்பாசிச் சத்திலிருந்து 'கடல்மீன்' என்ற பெயரில் இந்த நிலையம் சில மாத்திரைகளை உருவாக்கியிருக்கிறது. ஆகவே கடற்பாசி ஆராய்ச்சி பொய்யல்ல, நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அவை சத்துத் துணைப் பொருள்கள் என்ற வகையில் வருபவை. டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு எடுத்துக்கொள்ளும் மருந்து அல்ல.

இனிப்பு நீருக்குப் பாசியா?

இப்போது நம் வீட்டுப் பிரச்சினைக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களில் நூற்றுக்கு 31.4 பேருக்கு இருந்தது. அதாவது, நம்மில் ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். பாட்டில் விற்பவர்கள் நம் வீட்டுக் கதவை ஏன் தட்டுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

பாசிக்கும் இனிப்பு நீருக்கும் சம்பந்தமே இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. பாசியிலுள்ள பசை ஜீரணமாகாத நார்ச்சத்து. அது வயிற்றில் தண்ணீரை இழுத்துக்கொண்டு ஊதும், பசியைக் குறைக்கும், மலச்சிக்கலுக்கும் நல்லது. 2005-இல் ஜப்பானில் வெளிவந்த ஓர் ஆய்வில், உடல் பருமனும் சர்க்கரைக் கோளாறும் உள்ள 76 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 12 வாரம் அகார் அகாரும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரு பிரிவினருக்கும் எடை குறைந்தது. அகார் சாப்பிட்டவர்களுக்குச் சற்று அதிகமாகக் குறைந்தது. அவர்கள் சாப்பிட்டது சீனிப்பாகும் தேங்காய்ப்பாலும் ஊற்றிய நம் வீட்டு அகார் அகார் அல்ல. உணவுக் கட்டுப்பாடும் கூடவே இருந்தது. மருந்தை நிறுத்தினால் போதும் என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை.

புற்றுநோய்க்கும் இதே கதைதான். பழுப்புப் பாசியின் ஃபுகாய்டன் என்ற பொருள் சோதனைக் குழாயில் புற்று அணுக்களைக் கொல்கிறது என்று ஆய்வுகள் உண்டு. சோதனைக் குழாயில் கொல்வது வேறு, மனிதன் உடம்பில் குணப்படுத்துவது வேறு. புற்றுநோயைக் குணப்படுத்தும் மருந்தாக அது நிரூபிக்கப்படவில்லை.

"கிளினிக்ல கொடுக்கிறது கெமிக்கல் மாத்திரை, கிட்னி போயிடும்" என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். இனிப்பு நீருக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஐரோப்பாவில் நாட்டு வைத்தியத்தில் பயன்பட்ட ஒரு மூலிகைச் செடியின் சத்தைப் பார்த்துத்தான் அந்த மருந்தை உருவாக்கினார்கள். 1957-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் மனிதர்களுக்குக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார். அன்றிலிருந்து கோடிக்கணக்கானவர்களுக்குக் கொடுத்து, யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது, எத்தனை மில்லிகிராம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சிறுநீரகத்தைப் பெரும்பாலும் கெடுப்பது கட்டுக்கடங்காத இனிப்பு நீரும் பிரஷரும்தான். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு டாக்டரே மெட்ஃபார்மின் அளவைக் குறைப்பார், அல்லது நிறுத்துவார். அதற்காகத்தான் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்.

மருந்தை நிறுத்தினால் முதல் மாதம் ஒன்றும் தெரியாது. "பாத்தீங்களா, மாத்திரை இல்லாம நல்லாத்தான் இருக்கேன்" என்று தோன்றும். உள்ளே கண் நரம்பும் கால் நரம்பும் சிறுநீரகமும் மெல்ல மெல்லப் பழுதாகும். செம்பனை முள் குத்தியதே தெரியாத கால், ஒருநாள் கறுத்துப்போய் ஆஸ்பத்திரிக்குப் போகும்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

தைராய்டு நோயுள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறு பிள்ளைகள்: இவர்கள் கெல்ப் மாத்திரை, பாசித்தூள் எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பாசியிலுள்ள கே வைட்டமின் அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடக் கூடும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பாசியிலுள்ள பொட்டாசியம் ஆகாது.

ஹிஜிகி என்ற கறுப்புப் பாசியை யாருமே வாங்க வேண்டாம். அதில் பாஷாணச் சத்து அதிகம் என்று பிரிட்டன் போன்ற நாடுகள் மக்களை எச்சரித்திருக்கின்றன.

லுமுட், பங்கோர் பக்கம் உல்லாசப் பயணம் போகும்போது கரையில் ஒதுங்கிக் கிடக்கிற பாசியைச் சமைக்க எடுத்து வராதீர்கள். கடலில் கலந்த கழிவையும் ஈயம் போன்ற உலோகங்களையும் பாசி உறிஞ்சி வைத்திருக்கும்.

வீட்டில் அகார் அகார் காய்ச்சிச் சாப்பிடுவதற்குத் தடையில்லை. சீனியைப் பாதியாகக் குறையுங்கள். இனிப்பு நீர்க்காரர்களுக்குச் சீனியும் தேங்காய்ப்பாலும் இல்லாமல் தனியாக ஒரு தட்டு காய்ச்சி, பழத்துண்டு இரண்டொன்று போட்டுக் கொடுங்கள். காய்ந்த அகார் தூளை அப்படியே விழுங்கக் கூடாது. தொண்டையிலோ குடலிலோ ஊதி அடைத்துக்கொள்ளும்.

பாட்டில் வாங்கும் முன்

முதலில், எம்.ஏ.எல். என்ற மூன்று ரோமன் எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாத்திரையாகவோ கேப்சூலாகவோ விற்கிற பாரம்பரிய மருந்துக்கு அந்த எண் இருக்க வேண்டும். ஆனால், எண் இருப்பதனாலேயே நோய் தீரும் என்று அர்த்தமில்லை. பதிவு செய்யப்பட்டது என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது, என்ன சொல்லி விற்கிறார்கள் என்று கவனியுங்கள். இனிப்பு நீர், பிரஷர், புற்றுநோய், சிறுநீரகம், இருதயம் உட்பட 20 வகை நோய்களைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை, 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடை செய்கிறது. அப்படிச் சொல்கிறவர் சட்டத்தை மீறிப் பேசுகிறார்.

மூன்றாவது, சாப்பிட்ட இரண்டே நாளில் மூட்டுவலி மாயமாய்ப் பறந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். பாரம்பரிய மருந்து என்று விற்றவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் திருட்டுத்தனமாகக் கலந்திருந்ததை நம் நாட்டு அதிகாரிகள் பலமுறை பிடித்திருக்கிறார்கள். அது வலியை அடக்கும். இனிப்பையும் பிரஷரையும் ஏற்றும், எலும்பைக் கரைக்கும், முகத்தை ஊதவைக்கும்.

நான்காவது, ஏற்கெனவே வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பயந்துபோய் மறைக்காதீர்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது பாட்டிலையே பையில் போட்டு எடுத்துப் போய் டாக்டரிடமோ மருந்து கொடுப்பவரிடமோ காட்டுங்கள். ஏசுவார்களே என்று வெட்கப்பட வேண்டாம். மூன்று மாத இனிப்பு அளவைக் காட்டும் இரத்தச் சோதனை உண்டு. பாட்டில் வேலை செய்கிறதா இல்லையா என்பதை அந்தச் சோதனை சொல்லிவிடும். சந்தேகமான பொருளைப் பற்றிச் சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் செய்யலாம்.

மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி. அதில் டாக்டரும் உண்டு, மருந்தும் உண்டு. காத்திருப்பது சிரமம்தான். ஒரு நாள் சம்பளம் போகிறதே என்ற கவலையும் நியாயம்தான். ஆனாலும் அந்த ஒரு வெள்ளி மருந்துக்குப் பின்னால் பல ஆண்டு ஆராய்ச்சி இருக்கிறது. பல வெள்ளி பாட்டிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று விற்பவரிடமே கேளுங்கள். பதில் சொல்லட்டும், பிறகு பார்ப்போம்.

இந்தப் பக்கத்தைப் படித்தவர்கள், படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். வீட்டில் அம்மாவோ அப்பாவோ மாத்திரையை நிறுத்திவிட்டார்களா என்று இன்றைக்கே அலமாரியைத் திறந்து பாருங்கள். போன மாதத்து மாத்திரை அப்படியே இருந்தால், சண்டை போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். நாளைக் காலையிலேயே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.